ஆடிப் பதினெட்டும் வறண்ட டான்யூபும்

அப்பா ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் வந்த மறுநாள் காலை, சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அப்புறம் கேட்டார், "இந்த ஊருக்குத் தண்ணி எங்கேருந்தும்மா வருது?"

ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தேன், இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி வளர்த்தேன். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நெக்கர் ஆறு ஊர் வழியாகத்தானே ஓடுகிறது, அதிலிருந்துதான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அப்பா தலையாட்டினார், ஆனால் அவருக்கு அது ஒப்பவில்லை என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் நடக்கப் போனபோது பாலத்தின் மேல் நின்று நெக்கரைப் பார்த்தார். நீளமான சரக்குப் படகு ஒன்று கீழே போய்க்கொண்டிருந்தது. "இதைக் குடிக்கக் குடுக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ஸ்டுட்கார்ட்டுக்குத் தண்ணீர் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஸ்விட்சர்லாந்து எல்லையில் இருக்கும் போடன்சே ஏரி. அங்கிருந்து குழாய் போட்டு 1958 முதல் கொண்டுவருகிறார்கள். இன்னொன்று உல்ம் நகரத்தை ஒட்டிய டான்யூப் ஆற்றுச் சமவெளி, அங்கே நிலத்தடி நீரையும் ஆற்று நீரையும் எடுத்துச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். என் கணவர் இரவு சாப்பாட்டின்போது இதை வாசித்துக் காட்டியதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராசுக்கு வீராணம் மாதிரி" என்றார். "ஏரியைப் போய்ப் பார்க்கலாமா மாப்பிள்ளை?"

அப்பா பொதுப்பணித்துறையில் மதகு பார்க்கும் லஸ்கராகச் சேர்ந்து ஒர்க் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். ராத்திரி ஒரு மணிக்கு முறைத் தண்ணீர் வருகிறது என்றால் டார்ச் லைட்டும் ஷட்டர் சாவியுமாக சைக்கிளில் கிளம்பிப் போவார், விடிந்துதான் வருவார். எங்கள் வீட்டில் காலண்டரில் குறித்து வைப்பது பிறந்தநாளை அல்ல, மேட்டூர் நீர்மட்டத்தை. ஜூன் 12 அணை திறந்தால் வீட்டில் பாயசம். திறக்காத வருடங்களில் அப்பா பேச்சே குறைந்துவிடும். அப்படிப்பட்ட மனிதரை அழைத்து வந்துவிட்டு, எக்செல் ஷீட்டில் கோட்டை, மலை ரயில், மியூசியம் என்று நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாம் வாரமே நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்குப் போய் வந்திருந்தோம். 1869-இல் பவேரியாவின் இரண்டாம் லூட்விக் அரசர் கட்டத் தொடங்கிய அந்த வெள்ளைக் கோட்டை, ஜெர்மனி வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் படம் அனுப்புவது. கோட்டை மலை மேல் இருக்கிறது. கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஏற வேண்டும், பேருந்தில் போனாலும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி. நானும் அம்மாவும் கீழே ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம், மற்றவர்கள் போனார்கள். அப்பா திரும்பி வந்து "நல்லா இருக்கு" என்று இரண்டு வார்த்தை சொன்னார். அதோடு சரி. காரில் வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக இவ்வளவு செலவு பண்ணாதேம்மா, உன் வீட்டுல உட்கார்ந்திருந்தாலே போதும்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. தொண்ணூறு நாள் விசா, அதில் பன்னிரண்டு நாள் போய்விட்டது, மறுபடி எப்போது வருவார்களோ, வர முடியுமோ. எதைக் காட்டினால் இவர்கள் மனதில் தங்கும்?

பட்டியலை அழித்துவிட்டோம். அப்பா கேட்ட கேள்வியையே வழியாக வைத்துக்கொண்டோம். டான்யூப் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கி, போடன்சே ஏரியைப் பார்த்துவிட்டு, உல்ம் வழியாக வீடு திரும்புவது. நான்கு நாள். ஆகஸ்ட் முதல் வாரம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.

ஆறு பேருக்கு எங்கள் கார் போதாது, ஏழு பேர் உட்காரும் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். அப்பா முன் சீட்டில். அம்மாவும் நானும் நடுவில், எங்களோடு சின்னவன் தன் குழந்தை இருக்கையில். பெரியவள் பின்னால், அவளைச் சுற்றி அம்மாவின் பைகள். புளியோதரை ஒரு தூக்கில், தயிர்சாதம் ஒன்றில், எலுமிச்சை ஊறுகாய், இட்லிப் பொடி, வறுத்த அரிசி மாவு ஒரு பொட்டலம், அரிசி குக்கர். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இங்கே காரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களாக நிறுத்துங்கள். நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு ஒரு யூரோ நாணயங்களை அவர்கள் கையிலேயே கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் மகளிடம் கை நீட்டுவது அம்மாவுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று இரண்டாவது நிறுத்தத்தில்தான் எனக்கே புரிந்தது. அதற்காகவே அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

தெற்கே போகும் ஏ 81 சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகள் உண்டு. பக்கத்தில் வண்டிகள் சீறிக்கொண்டு போகும்போது அம்மா கதவுப் பிடியைப் பற்றிக்கொள்வார், என் கணவர் அதைக் கண்ணாடியில் பார்த்து நூற்றுப் பத்துக்கு மேல் போகவில்லை. அப்பா கவனம் வேறெங்கோ. இங்கே பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடும் ஆற்றின் பெயரைச் சின்னப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், ஓடையாக இருந்தாலும் பெரும்பாலும் பெயர் இருக்கும். நான் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. அப்பா ஒவ்வொன்றையும் பெரியவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். நெக்கர் மறுபடி வந்தது, இங்கே ஒல்லியாக. "இது ஊருக்குள்ள பார்த்ததுதானே? இங்கேதான் பொறக்குதா?" ஆமாம், அந்தப் பக்கம்தான் பிறக்கிறது. பத்து மைல் சுற்றளவில் ஒரு ஆறு வடக்கே ரைனுக்கும் ஒரு ஆறு கிழக்கே கருங்கடலுக்கும் போகிற நிலம் அது.

டோனாவெஷிங்கன் என்பது சின்ன ஊர். அங்கே அரண்மனைப் பூங்காவில், வட்டமாகக் கல் கட்டி இரும்புக் கம்பி போட்டு, படி இறங்கினால் ஒரு ஊற்று. தெளிவான தண்ணீர், அடியிலிருந்து குமிழ் குமிழாக மேலே வருகிறது. இதைத்தான் டான்யூபின் பிறப்பிடம் என்று வைத்திருக்கிறார்கள். மேலே வெள்ளைச் சிலை, தாய் ஒருத்தி பக்கத்தில் இருக்கும் இளம் மகளுக்குக் கை நீட்டி வழி காட்டுகிறாள். தாய், ‘பார்’ (Baar) என்ற அந்த வட்டாரம். மகள் டான்யூப். அம்மா அந்தச் சிலையை ரொம்ப நேரம் பார்த்தார். கையைக் கூப்பிவிட்டு, "பொண்ணை அனுப்பி வைக்கிறா" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உண்மையில் பிரிகாஹ், ப்ரேக் என்று இரண்டு ஓடைகள் மலையிலிருந்து வந்து இந்த ஊருக்குக் கிழக்கே கலந்த பிறகுதான் அது டான்யூப் என்ற பெயரில் ஓடுகிறது. ப்ரேக் தொடங்கும் இடம் கறுப்புக் காட்டில் 1,078 மீட்டர் உயரத்தில், ஃபுர்ட்வாங்கன் ஊருக்கு மேலே இருக்கிறது, எங்களுடையதுதான் நிஜமான பிறப்பிடம் என்று அந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "தலைக்காவிரியிலயும் குளம் கட்டிக் கும்பிடுறோம், ஆனா ஆறு பத்து இடத்துலேருந்து வருது" என்றார்.

அன்று சாயங்காலம் தங்கும் வீட்டுக்குப் போகிற வழியில் சாலையோரம் ஒரு பூத்தோட்டம். கிளாடியோலஸ், சூரியகாந்தி, வரிசை வரிசையாக. வேலி இல்லை, ஆள் இல்லை. ஒரு கட்டையில் கத்தி கட்டித் தொங்குகிறது, பக்கத்தில் உண்டியல், பலகையில் ஒரு பூவுக்கு இவ்வளவு என்று விலை. வேண்டிய பூவை நாமே அறுத்துக்கொண்டு காசை உண்டியலில் போட வேண்டும். தென் ஜெர்மனியில் கோடையில் இது சாதாரணம். அம்மா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று கேட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அம்மா ஐந்து பூ அறுத்தார், ஆறு பூவுக்குக் காசு போடச் சொன்னார். "நாளைக்கு ஆடிப் பதினெட்டு" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. தேதியைப் பார்த்துப் பயணம் போட்டவள் நான், ஆனால் ஆகஸ்ட் மாதம் தெரிந்ததே தவிர ஆடி மாதம் தெரியவில்லை. அம்மா ஊரிலிருந்தே காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் எடுத்து வந்திருக்கிறார், பெட்டிக்குள் புடவை மடிப்பில். மகள் ஆற்றைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று தெரிந்ததும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் அலைவேனாம்.

தங்கும் வீட்டில் சமையலறை நன்றாக இருந்தது. பாத்திரங்களைத் தேடி இழுப்பறைகளைத் திறந்துகொண்டிருந்த அம்மா, "இங்கே பாரேன்" என்று கூப்பிட்டார். கையில் கனமான அலுமினிய அச்சு, இரண்டு நீளக் கைப்பிடி, அடியில் துளைகள். இந்தப் பக்கத்து மக்களான ஷ்வேபியர்கள் ஸ்பேட்ஸ்லே செய்யும் அச்சு அது. மைதா மாவையும் முட்டையையும் தளதளவென்று அடித்து, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பிடித்து அழுத்தினால் நூல் நூலாக இறங்கி வெந்து மேலே மிதக்கும், அரித்தெடுத்து சீஸ் போட்டோ குழம்பு ஊற்றியோ சாப்பிடுவார்கள். இந்த ஊர் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. அம்மாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அரிசி மாவை எடுத்தார், கொதிநீரும் உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறினார், சூடு ஆறுவதற்குள் கையால் பிசைந்து அச்சில் அடைத்தார். இடியாப்ப உரலைவிடத் துளை பெரிது, அதனால் தடிமனாக இறங்கியது, சேவை மாதிரி. பானையில் தண்ணீர் வைத்து, அதன் மேல் அரிதட்டில் ஈரத்துணி விரித்து அவித்தார். கைப்பிடியை அழுத்த அவருக்கு மணிக்கட்டு போதவில்லை, அப்பா வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த அச்சை அழுத்திக்கொண்டு நின்றது, மாவு பிதுங்கி வெள்ளையாக வட்டமாக விழுந்தது, ஆவியில் அம்மாவின் கண்ணாடி மங்கியது, இதையெல்லாம் நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். எலுமிச்சை பிழிந்து தாளித்த அந்தச் சேவையை என் பிள்ளைகள் மூன்று தட்டு சாப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காக நாங்கள் கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலில் அச்சை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்துவிட்டு வரலாம் என்று பெரியவள் சொன்னாள், உண்மையாகவே ஒரு தாளில் ஜெர்மனில் செய்முறை எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அம்மா காப்பரிசி கலந்து வைத்திருந்தார். ஊறவைத்த அரிசி, வெல்லம், எள், தேங்காய்ப் பல். சித்ரான்னம் இரண்டு வகை. புதுப் புடவை. இம்மெண்டிங்கன் ஊரைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு, மரங்களுக்கு நடுவே பாதையில் மெதுவாக நடந்து ஆற்றங்கரைக்குப் போனோம்.

ஆறு இல்லை.

இதை நான் படித்திருந்தேன், அப்பாவுக்குக் காட்டத்தான் கூட்டியே வந்தேன். ஆனால் பூவும் தேங்காயும் கையில் வைத்துக்கொண்டு அம்மா அந்தக் கரையில் நின்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முன்தினம் பார்த்த ஆறு, பத்து நாடுகள் வழியாக, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் போகிற ஆறு, அங்கே வெறும் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. இங்கே ஒன்று அங்கே ஒன்று குட்டை. வருடத்தில் நூறு நாளுக்கு மேல் அந்த இடம் இப்படித்தான் இருக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "நாளும் கிழமையுமா இப்படிக் கிடக்குதே" என்றார். எங்கள் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2012-இல் ஆடி வந்தும் மேட்டூர் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். அந்த ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரை ஊர்களில் பெண்கள் அடிபம்புக்குப் பொட்டு வைத்துப் படைத்தார்கள். அம்மாவும்தான். அந்த வருடம் நான் ஊரில் இருந்தேன், பம்பைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியது நினைவிருக்கிறது.

அப்பா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு கல் மேல் கல்லாகக் கால் வைத்து மேற்கே நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அங்கே தண்ணீர் இருந்தது. ஒரு முழ அகலத்துக்கு மெலிந்து வந்துகொண்டிருந்தது, கண்ணாடி மாதிரி. கரையோரம் சரளைக்கற்களுக்குள் வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஈரம்கூட இல்லை. குனிந்து காதை வைத்தால் சத்தம் கேட்கிறது, தொட்டியில் கடைசித் தண்ணீர் இறங்கும்போது வருமே அந்தச் சத்தம், ஆனால் நிற்காமல். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு மூன்று கல்லை நகர்த்தினார், தண்ணீர் ஒரு விரல்கடை முன்னே நகர்ந்து மறுபடி உள்ளே போனது. கல்லைப் பழையபடி வைத்தார். முப்பது வருடம் மடை உடைந்தால் அடைத்த கை அது. "போகுது பாரு" என்று சின்னவனிடம் மெதுவாகச் சொன்னார், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. சின்னவன் ஒரு இலையைக் கிள்ளி விட்டான், அது கல்லில் ஒட்டிக்கொண்டது.

அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, காலங்காலமாகத் தண்ணீர் அரித்து அரித்துக் குகையாகவும் வழியாகவும் ஆகியிருக்கிறது. உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது என்பதில் இங்கே ஒரு காலத்தில் பெரிய சண்டை. தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் ஆஹ் என்ற சின்ன ஊரில் மிகப் பெரிய ஊற்று ஒன்று உண்டு, அதை நம்பி அங்கே ஆலைகள் ஓடின. இந்தப் பக்கத்து ஆலைக்காரர்கள் ஆற்றின் ஓட்டைகளை அடைக்கப் பார்த்தார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் அடைக்காதே என்றார்கள். 1877-இல் அடோல்ஃப் க்னோப் என்ற பேராசிரியர் சோதித்துப் பார்த்தார். டன் கணக்கில் உப்பும், எண்ணெயும், பச்சையாக ஒளிரும் சாயமும் இந்தத் துளைகளில் கொட்டினார்கள். ஏறத்தாழ அறுபது மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது, தண்ணீர் உப்புக் கரித்தது. அதாவது கருங்கடலுக்குப் போக வேண்டிய டான்யூப், பூமிக்கு அடியில் திரும்பி ரைனுக்குப் போகிறது, ரைன் வழியாக வடகடலுக்கு.

இதைக் கணவர் சொல்லி முடித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கேஸ் போட்டாங்களா?"

போட்டார்கள். அப்போது இவை தனித்தனி மாநிலங்கள். கீழே இருந்த வூர்ட்டம்பெர்க்கும் பிரஷ்யாவும் பாடன் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டன, 1927-இல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தண்ணீர் இயற்கையாக உள்ளே போவதைத் தடுக்கக் கூடாது, அதே சமயம் ஆள் வைத்து அதைக் கூட்டவும் கூடாது. இரண்டு பக்கமும் இன்னொருவரை நினைத்து நடந்துகொள்ள வேண்டும். அப்பா இதைக் கேட்டுக்கொண்டே கல் மேல் உட்கார்ந்திருந்தார். காவிரிக்கு 1990-இல் நடுவர் மன்றம் அமைத்து, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது வரை அப்பாவுக்கு ஒவ்வொரு தேதியும் மனப்பாடம். "இப்போ யாரு கையில இருக்கு?" என்றார். 1952-இல் பாடனும் வூர்ட்டம்பெர்க்கும் ஒரே மாநிலமாகிவிட்டன என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். "ஒரே வீடாயிட்டா சண்டை எங்கே" என்றார். அவர் குரலில் இருந்த ஏக்கம் எனக்குத் தெரிந்தது. அணை திறக்காத வருடங்களில் வயலைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றவர்களுக்கு ஷட்டர் சாவியோடு பதில் சொன்னவர் அவர்.

அம்மா படைக்கவில்லை. பூவைக் கையில் வைத்தபடியே, "அது வெளியே வர்ற எடம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

ஆஹ் ஊருக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சரிவில் மரங்கள், கீழே பெரிய குளம் மாதிரி ஒன்று, பச்சையும் நீலமும் கலந்த நிறம். பார்த்ததும் குளம் என்றுதான் தோன்றும். ஆனால் நடுவில் தண்ணீர் தசை மாதிரி புரண்டுகொண்டே இருக்கிறது, ஒரு பக்கம் மதகு வழியாக முழு ஆறாக வெளியே பாய்கிறது. சராசரியாக விநாடிக்கு 8,500 லிட்டர். ஜெர்மனியிலேயே அதிகத் தண்ணீர் வரும் ஊற்று இதுதான். அப்பா பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மனதுக்குள் வகுத்தார். ஒரு கன அடி என்றால் 28 லிட்டர் சொச்சம். "முந்நூறு கன அடி" என்றார். "ஒரு நல்ல வாய்க்கால் ஓடும்." கைப்பிடியில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றார், யார் கூப்பிட்டும் வரவில்லை.

அம்மா கரையில் ஓர் இடம் பார்த்துத் துணி விரித்தார். தண்ணீரில் எதுவும் போடக் கூடாது என்று நான் தயங்கிச் சொன்னேன். "போட வேண்டாம், காட்டினா போதும்" என்றார். காதோலை கருகமணியையும் பூவையும் காப்பரிசியையும் தண்ணீருக்குக் காட்டினார். கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மஞ்சள் கயிற்றை எனக்குக் கழுத்தில் கட்டினார், பெரியவளுக்கு மணிக்கட்டில். ஆடியில் காவிரித் தாய் மசக்கையாக இருக்கிறாள், அதனால்தான் அவளுக்கு விதவிதமாகச் சோறு என்று பேத்தியிடம் சொன்னார். நாயோடு அந்தப் பக்கம் வந்த வயதான அம்மா ஒருவர் நின்று, என்ன விழா என்று கேட்டார். ஆற்றுக்கு என்று சொன்னேன். இந்த ஆற்றுக்கா என்று கேட்டார், எங்கள் ஆற்றுக்கு, ஆனால் இங்கே என்று சொன்னேன். அம்மா அவர் கையில் காப்பரிசி வைத்தார். அவர் அங்கேயே நின்று மென்று தின்றுவிட்டு, நன்றி என்றார், தலையசைத்துவிட்டுப் போனார். சின்னவனுக்கு ஒரே பிடிவாதம், அறுபது மணி நேரம் அங்கேயே இருந்து தன் இலை வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

மூன்றாம் நாள் போடன்சே. மூன்று நாடுகள் கரை வைத்திருக்கும் ஏரி, அக்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. மேர்ஸ்பூர்க்கிலிருந்து கான்ஸ்டன்ஸுக்குக் காரோடு ஏற்றிக்கொண்டு போகும் படகில் போய் வந்தோம், கால் மணி நேரம்தான், அம்மா வண்டியை விட்டு இறங்காமலே ஏரியைக் கடந்துவிட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா பார்க்க வேண்டும் என்றது சிப்லிங்கன். அங்கே ஏரியில் அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்து, முந்நூறு மீட்டருக்கு மேல் மலை மீது ஏற்றி, சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர் அதைக் குடிக்கிறார்கள். கரையில் நின்று மலையைப் பார்த்தோம்.

"அப்போ நேத்து பார்த்த தண்ணியைத்தான் நாம குடிக்கிறோம்" என்றாள் பெரியவள். எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. அப்பா செல்போனில் வரைபடத்தை விரித்துப் பார்க்கச் சொன்னார், விரலால் ஆஹ் ஓடையைத் தொடர்ந்தார். "இல்லைம்மா. அது ஏரியோட கீழ்ப் பக்கம் சேருது. உங்களுக்கு எடுக்கிறது மேல் பக்கம். கீழே சேர்ந்த தண்ணி மேலே ஏறாது." உண்மைதான், ஆஹ் சேர்வது கீழேரியில், அங்கிருந்து ரைன் வெளியேறிவிடுகிறது. பெரியவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "ஆனா உல்ம் பக்கத்துலேருந்து வர்றது டான்யூப்தான். அதைக் குடிக்கிறீங்க" என்றார்.

உல்மில் கடைசி நாள். 1377-இல் தொடங்கி 1890-இல் முடித்த தேவாலயம், கோபுரம் 161 மீட்டருக்கு மேல். 768 படி, கணவரும் பெரியவளும் ஏறினார்கள். ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் என்று சொன்னேன். அம்மா நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார். அப்பா ஆற்றுக்குப் போகலாம் என்றார். அங்கே டான்யூப் அகலமாக, வேகமாக, பச்சையாக ஓடியது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் இல்லர் என்ற பெரிய ஆறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்து கலக்கிறது, அதனால் அவ்வளவு தண்ணீர். "அங்கே செத்துக் கிடந்துச்சு, இங்கே பாரு" என்றார் அம்மா. அப்பா படித்துறையில் இறங்கி முகம் கழுவினார்.

செப்டம்பர் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்கள். விமான நிலையத்தைப் பற்றி எழுத முடியவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அப்பா முதலில் மேட்டூர் எத்தனை அடி என்று சொல்வார், அப்புறம், "அங்கே எப்படி?" என்பார். அங்கே என்றால் எங்கள் வீடு அல்ல, இம்மெண்டிங்கன். ஆற்று நீர்மட்டம் இணையத்தில் கிடைக்கிறது. நவம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. சின்னவன்தான் திரையைப் பார்த்துச் சொன்னான், விநாடிக்கு இருபது கன மீட்டர். தாத்தாவுக்குக் கன அடியில் சொல்ல முப்பத்தைந்தால் பெருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், விரலை மடக்கிப் பெருக்கிவிட்டு, "எழுநூறு தாத்தா" என்றான்.

"எழுநூறா? அப்போ உள்ளேயும் போகும், மேலேயும் ஓடும்" என்றார் அப்பா. திரும்பி, அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார், "ஏம்மா, அந்த ஆத்துல தண்ணி வந்துடுச்சாம்."